பதினாறாம் நாளுக்குப் பிறகு பதினாறு வாரம்: வயதான அட்டெண்டர்களுக்கான துக்க சிகிச்சை, வேலூர்க்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நீடித்த துக்கத்துக்கான பதினாறு அமர்வுச் சிகிச்சை, அறுபது தாண்டியவர்களுக்கும் பலன் தருகிறது. ஆனால் அதன் நடுப்பகுதியை உருவிவிட்டு முன்னும் பின்னும் மட்டும் கொடுக்கிற இடங்கள் உண்டு. அங்கே கிடைப்பது ஆறுதல் பேச்சு. அதற்கு ஆட்டோ பிடித்துப் போக வேண்டாம், எதிர்வீட்டுத் திண்ணையே போதும். எந்த இடம் எதைக் கொடுக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

யாருக்காக என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளியோடு வந்து தங்குகிறவரை வேலூர் ஆஸ்பத்திரிகளில் ‘அட்டெண்டர்’ என்பார்கள். டயாலிசிஸ் கணவரோடு வாரம் மூன்று நாள் பஸ் ஏறிய அறுபத்தைந்து வயது அம்மா, பக்கவாதத்தில் படுத்த மனைவிக்கு மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிய ஓய்வுபெற்ற ஆசிரியர், புற்றுநோய் வந்த மகளுக்குக் கடைசிவரை துணையிருந்த அப்பா. இவர்களுடைய துக்கம், திடீர் விபத்தில் ஒருவரை இழந்தவரின் துக்கம் மாதிரி இருக்காது. இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைத்த உடம்பு, ஆள் போன பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறது. ஆல்ஃபா பெட் (படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை) மோட்டாரின் கொர்ர் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிப்பதில்லை. ‘அப்பாடா’ என்று ஒரு மூச்சு வருகிறது, பின்னாலேயே ‘அப்படி நெனச்சுட்டனே’ என்ற குற்ற உணர்வும் வந்துவிடுகிறது. ஒரு சிகிச்சையாளர் முதல் இரண்டு அமர்வுக்குள் இந்த மூன்றையும் கேட்கவில்லை என்றால், அவர் பொதுவான துக்கத்துக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார்.

எப்போது போகலாம்? இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள், அல்லது ஒரேயடியாகத் தாமதிக்கிறார்கள். காரியம் முடிந்த மறுவாரமே மகன் அமெரிக்காவிலிருந்து ஆன்லைனில் கவுன்சலிங் பதிவு செய்துவிடுகிறார். அந்தச் சமயத்தில் இந்தச் சிகிச்சைக்கு வேலையே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான் ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்கிறது. 2022இல் திருத்தி வெளியான அமெரிக்க மனநலக் கையேடு பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் வைக்கிறது. அதுவரை வேண்டியது சாப்பாடு, தூக்கம், துணைக்கு ஆள், பாதியில் நின்றுபோன தன்னுடைய பிபி, சுகர் மாத்திரை. ஆறு மாதம் கழிந்தும் நாள் தவறாமல் அதே ஏக்கம், அவர் போனதை நம்ப முடியாமை, ‘எனக்கு இனிமே இன்னா இருக்குது’ என்ற வெறுமை, அவர் இருந்த அறைக்குள் நுழைய முடியாமை அல்லது அந்த அறையை விட்டு வெளியே வர முடியாமை ஆகியவை தொடர்ந்தால், அப்போது இதைத் தேடலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மாதக்கணக்குப் பார்க்கக் கூடாது, அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

வயதானவர்கள் ‘துக்கம்’ என்று சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். நெஞ்சு படபடப்பு, பசி இல்லை, காலில் தெம்பில்லை, மறதி என்றுதான் வருவார்கள். ஈசிஜி எடுத்து, சத்து மாத்திரை எழுதி அனுப்பினால் கதை அங்கேயே முடிந்துவிடும். நல்ல இடத்தில் பத்தொன்பது கேள்வி கொண்ட துக்க அளவுகோல் ஒன்றை வைத்துக் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சுழியத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 76. கீழே சொல்லப்போகும் ஆய்வில் 30ம் அதற்கு மேலும் வந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். மனச்சோர்வுக்குத் தனிக் கேள்வித்தாள் உண்டு. இரண்டையும் கேட்காமல் ‘டிப்ரெஷன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்தால் சந்தேகப்படுங்கள்.

இனி சரக்கு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஷியர் குழு உருவாக்கிய முறை இது. வாரம் ஒன்று வீதம் பதினாறு அமர்வு, ஒவ்வொன்றும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். 2014இல் வந்த ஆய்வில், சராசரியாக அறுபத்தாறு வயதுள்ள 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 70.5 சதவீதம் பேர் தேறினார்கள். மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 32 சதவீதம் பேர்தான். ‘இந்த வயசுல போயி கவுன்சலிங்கா’ என்று கேட்கும் மகன்களுக்கு இந்த இரண்டு எண் போதும். அதே சமயம் பத்தில் மூன்று பேர் தேறவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

முதல் மூன்று அமர்வுகள் தரை போடுவது. உறவின் வரலாறு, நோயின் வரலாறு, துக்கம் என்றால் என்ன என்ற விளக்கம், தினசரிக் குறிப்பு. குறிப்பு என்றால் நாள்முழுக்க எழுதுவதில்லை. இன்றைக்குத் துக்கம் எப்போது அதிகம், எப்போது குறைவு, பத்துக்கு எத்தனை, அவ்வளவே. இதில் நம் ஊர் முதியவர்கள் இடறும் இடம் எழுத்து. கண் தெரியாது, கை நடுங்கும், சிலருக்கு எழுதவே வராது. அச்சடித்த படிவத்தைக் கையில் திணிக்கும் இடத்தில் இரண்டாம் வாரமே ஆள் நின்றுவிடுவார். பத்துத் தீக்குச்சியும் ஒரு டம்ளரும் போதும். ராத்திரி படுக்கும்முன் எத்தனை குச்சி என்று போட்டு வைத்தால், காலையில் வீட்டில் ஒருவர் எண்ணிக் காலண்டரில் குறித்துக்கொள்ளலாம். (தீக்குச்சிக்குப் பெயர்போன குடியாத்தம் பக்கத்திலேயே இருக்கும்போது இதற்கென்ன பஞ்சம்.) ‘துக்கம் எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்குது’ என்பவர், மூன்று வாரத்தில் தன் கண்ணாலேயே ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறார். அதுதான் இதன் பயன்.

மூன்றாம் அமர்வுக்கு வீட்டிலிருந்து ஒருவரை அழைப்பார்கள். யாரை என்பது நம் குடும்பங்களில் நுட்பமான விஷயம். சிகிச்சையாளர் பெரும்பாலும் மூத்த மகனைக் கூப்பிடச் சொல்வார். வீட்டை விற்பது, அம்மா யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சு அந்த மகனோடுதான் நடந்துகொண்டிருக்கும். அதனால் அம்மா வாயே திறக்க மாட்டார். கூடப்பிறந்த தங்கையோ, எதிர்வீட்டு அக்காவோ, கல்யாணமான பேத்தியோ வந்தால் பலன் அதிகம். தேர்வு அம்மாவுடையதாக இருக்கட்டும்.

நான்காவது அமர்விலிருந்து வருவதுதான் நடுப்பகுதி. அவர் இறந்துபோனார் என்று தெரிந்த கணத்திலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பது போலவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம். இடையிடையே மன வேதனை நூற்றுக்கு எவ்வளவு என்று சிகிச்சையாளர் கேட்பார். சொல்வது முழுக்கப் பதிவாகும். முடிந்ததும் உடனே எழுப்பி அனுப்பிவிடக் கூடாது. அந்தக் காட்சியை ஓர் ஒளிநாடாவாக நினைத்து, பின்னோக்கிச் சுற்றி, பெட்டியில் வைத்து மூடச் சொல்வார்கள். சொன்னதைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு அன்றைக்கு மனதுக்குப் பிடித்த ஒன்றைச் செய்யத் திட்டம் போடுவார்கள். காபியோ, ஜலகண்டேஸ்வரர் கோயில் பிராகாரமோ, எதுவானாலும் சரி. வீட்டில் தினமும் அந்தப் பதிவைக் கேட்க வேண்டும். அடுத்த சில வாரங்கள் இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

கொடுமையாகத் தெரியும். குடும்பத்தார் பாதியில் நிறுத்தச் சொல்வதும் இங்கேதான், ‘ஆறிப்போன புண்ணை ஏன் கிளற்றீங்க’ என்று. புண் ஆறியிருந்தால் இவர் இங்கே வந்திருக்கவே மாட்டார். திரும்பச் சொல்லச் சொல்ல, முதல் வாரம் 90 என்று சொன்னவர் நான்காம் வாரம் 50க்கு வருவதும், கதையில் விட்டுப்போன துண்டுகள் தானாக வந்து சேர்வதும்தான் இதன் வேலை. ஒப்பாரி வைத்துப் பழகிய ஊருக்கு இது புதிதும் அல்ல. நடந்ததை வரிசையாகச் சொல்லி அழுவதுதானே ஒப்பாரி? வித்தியாசம், ஒப்பாரியில் போனவர் பெருமை வரும். இங்கே கடைசி நாளின் உண்மை வரும்.

இந்த இடத்தில் கோளாறாகிற விஷயங்கள் சில. பதிவு பேரனின் போனில் இருந்தால் அது வாட்ஸப் வழியாக எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பூட்டு வைத்த தனி போன் அல்லது சின்னக் குரல்பதிவுக் கருவி வேண்டும். காது மந்தமானவருக்கு ஸ்பீக்கரில் போட்டால் தெருவே கேட்கும், காதில் மாட்டும் ஹெட்போன் வாங்குங்கள். ராத்திரி படுக்கும்முன் கேட்கக் கூடாது, தூக்கம் கெடும். பகல் பதினொன்று, பன்னிரண்டு மணி சரியான நேரம். இன்னொன்று மொழி. வேலூர், குடியாத்தம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளம். வாணியம்பாடி, ஆம்பூரில் உருது. வெளியில் நன்றாகத் தமிழ் பேசுகிறவர்கூட, இந்தப் பதினைந்து நிமிடத்தைத் தமிழில் சொன்னால் செய்தி வாசிப்பது போல ஆகிவிடுகிறது. வீட்டு மொழியில் சொல்லவிடுங்கள். சிகிச்சையாளருக்குப் புரியாவிட்டால் பிறகு அவரே தமிழில் விளக்கட்டும்.

அட்டெண்டர்களின் கதையில் ஒரு முள் நிச்சயம் இருக்கும். ‘ஐசியூவிலிருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டேன்’, ‘கடைசி மார்ஃபின் மாத்திரையை நான்தான் குடுத்தேன்’, ‘ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடாமப் போனாரு’. இதற்கு ‘உங்க மேல தப்பில்லம்மா’ என்பது பதிலாகாது. நூறு பேர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். மருத்துவ உண்மைதான் முள்ளை எடுக்கும். கடைசி நாட்களில் உடம்புக்குப் பசி அற்றுப்போகிறது, அப்போது கட்டாயப்படுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்துதான் அதிகம். மூச்சு நின்று நின்று வருவதும், தொண்டையில் கரகரவென்று கேட்பதும் நோயின் போக்கு. சரியான அளவில் கொடுத்த மார்ஃபின் வலியையும் மூச்சுத் திணறலையும் தணித்தது, அது ஆளைக் கொல்லவில்லை. ஆகவே முதல் அமர்வுக்கே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போங்கள். வலிநிவாரணப் பிரிவு மருத்துவரோடு ஒரு அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்யும் சிகிச்சையாளர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாம் அமர்விலிருந்து, தவிர்த்துவந்த இடங்களுக்கும் பொருட்களுக்கும் மெல்லத் திரும்புவது. இதில் வேலூருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வேறு ஊர்களில் ஆஸ்பத்திரி இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். இங்கே காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ் சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் போகிறது. அது இருக்கும் ஐடா ஸ்கடர் சாலையைத் தவிர்ப்பது என்றால் பாதி ஊரைத் தவிர்ப்பது. மார்க்கெட், பேங்க், கல்யாண வீடு எல்லாம் நின்றுபோயிருக்கும், காரணம் வீட்டாருக்கே தெரியாது. படிப்படியாகச் செய்ய வேண்டும்: முதல் வாரம் துணையோடு ஆட்டோவில் அந்த வழியே கடப்பது, அடுத்த வாரம் பஸ்ஸில், பிறகு அந்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு டீ, பிறகு தனியாக. ஒரே நாளில் வார்டு வரைக்கும் இழுத்துப் போனால் அடுத்த அமர்வுக்கு ஆள் வர மாட்டார்.

ஆறாம் அமர்வு முதல் நல்ல நினைவுகள், பிறகு நல்லதல்லாத நினைவுகளும். இருபது வருஷம் குடித்து அடித்த கணவருக்குக் கடைசி ஐந்து வருஷம் மலம் அள்ளியவர்கள் இருக்கிறார்கள். ‘தெய்வமாயிட்டாரு, அதையெல்லாம் பேசக் கூடாது’ என்று வீட்டில் வாயடைத்திருப்பார்கள். இந்த அறையில் பேசலாம். பத்தாவதில் இதுவரை ஆனது என்ன என்று நிறுத்திப் பார்ப்பது. பதினொன்றாவதில் போனவரோடு கற்பனை உரையாடல், அதாவது தானே கேட்டு, அவராகத் தானே பதில் சொல்வது. மாலை போட்ட போட்டோவோடு தினமும் பேசுகிறவர்களுக்கு இது எளிது. ஆனால் அவர் குரலில் பதில் சொல்வதை வாசலில் நிற்கும் உறவினர் கேட்டால் சாமி வந்துவிட்டது என்று கலவரப்படக் கூடும். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். மிச்ச ஐந்தும் எதிர்காலத்தைப் பற்றியவை, பெரிய புதுமை ஒன்றும் இல்லை.

நோயாளி இன்னும் உயிரோடு இருக்கிறார், துக்கம் மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது என்றால் இந்தப் பதினாறு வாரத்தை வாங்காதீர்கள். மரணக் காட்சியைச் சொல்லவைப்பது அங்கே தவறான மருந்து. அவர்களுக்கு வேண்டியது வேறு: வாரத்தில் இரண்டு முறையாவது மூன்று மணி நேர மாற்று ஆள், நோய் எப்படிப் போகும் என்று மருத்துவரின் நேரடிப் பதில், ஐசியூ வேண்டுமா வேண்டாமா என்ற முடிவை நான்கு பேர் சேர்ந்து எடுப்பது (ஒருவர் தலையில் விழுந்தால் அதுதான் பின்னால் முள்), நினைவு தெளிவாக இருக்கும்போதே பேச வேண்டியதைப் பேசிவிடுவது. மறதி நோய் என்றால் ஆள் எதிரிலேயே இருந்தும் இல்லாமல் போவது. அதற்கு ஒரு பெயர் சொல்லி ஒத்துக்கொள்வதே பாதிப் பாரத்தைக் குறைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். செவிலியர் வரும்போது நோயாளிக்கு மட்டும் பிபி பார்த்துவிட்டுக் கிளம்பவிடாதீர்கள், அட்டெண்டருக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கே கேட்பது? ‘துக்க சிகிச்சை’ என்ற பலகையைத் தேட வேண்டாம், மனநலப் பிரிவில் கேளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் இல்லை. பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தரும் வழக்கத்தை 1950களிலேயே தொடங்கிய இடம் அது. குடும்பத்தைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் உள்ள இடம் இந்த வேலைக்குப் பொருத்தம்தான். தொலைபேசி என்றால் 14416, டெலிமானஸ். இலவசம், இருபத்துநாலு மணி நேரமும், தமிழில். ராத்திரி இரண்டு மணி விழிப்புக்கு இதைவிட நல்ல சேவை இல்லை, அதற்கு முழு மதிப்பெண். ஆனால் ஒரே ஆலோசகரோடு பதினாறு வாரம் வீட்டுப்பாடம் செய்வதற்கான அமைப்பு அல்ல அது. அங்கிருந்து அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழிகாட்டச் சொல்லிக் கேளுங்கள். பென்ஷன் நின்றது, பிள்ளைகள் கவனிக்கவில்லை, சொத்துத் தகராறு என்பதற்கெல்லாம் 14567 முதியோர் உதவி எண், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. வீடியோ கால் சிகிச்சைக்குப் பாதி மதிப்பெண்தான் தர முடிகிறது. அம்மா தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து பேச வாய்ப்பிருந்தால் சரி, போனைப் பிடித்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் நின்றால் சுழியம். ஒரு நல்ல பயன்பாடு உண்டு: கணவர் இறந்தபின் வீட்டோடு இத்தா இருக்கும் முஸ்லிம் பெண்களுக்கு, அந்த நாலு மாதம் பத்து நாளும் வெளியே போகாமலே ஒரு பெண் ஆலோசகரிடம் பேச இதுதான் வழி. முழுச் சிகிச்சையை அது முடிந்து, ஆறு மாதமும் ஆன பிறகு தொடங்கிக்கொள்ளலாம்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. 2016இல் வந்த ஆய்வில் சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை துக்கத்தை மேலும் குறைக்கவில்லை. இந்தச் சிகிச்சையோடு சேர்ந்தபோது மனச்சோர்வைத்தான் குறைத்தது. இந்த வகை மாத்திரை முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம், பிபிக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம். தொடங்கிச் சில வாரத்துக்குள் ஒரு சோடியம் பரிசோதனை கேளுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்தை அது கூட்டும். மீந்த மார்ஃபினும் மற்ற மாத்திரைகளும் அலமாரியில் கிடந்தால் காரியத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிடுங்கள்.

பதிவு செய்யும்முன் போனிலேயே கேட்டுப் பாருங்கள்: மொத்தம் எத்தனை அமர்வு, வீட்டில் செய்ய என்ன கொடுப்பீர்கள், இறந்த நாளைப் பற்றிச் சொல்லவைப்பீர்களா, முதல் திதி நடுவில் வந்தால் அந்த வாரம் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குத் ‘திதின்னா?’ என்று பதில் வந்தாலும் பரவாயில்லை, விளக்கிவிடலாம். மூன்றாவதற்கு ‘அதெல்லாம் பேசினா மனசு கஷ்டப்படும் சார்’ என்று வந்தால் போனை வைத்துவிட்டு அடுத்த இடத்தைப் பாருங்கள்.

வாடகைக் கட்டில் விஷயம் ஒன்று பாக்கி. நாள் வாடகை ஓடுகிறதே என்று, சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் பிள்ளைகள் அதைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு நாள் வாடகை கட்டுங்கள். ஏற்றும்போது அவர் வீட்டில் இருக்கட்டும், விரிப்பை அவரே உருவட்டும்.